பாடகருக்குப் பின்னால் நிற்பவர்களைக் கேட்பது எப்படி

திருச்சிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் நான். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று எந்த மேடை ஏறினாலும் எனக்கு விடப்படும் இடம் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வெளிச்சம் பாதி விழும் மூலை. கூட்டம் பாடகரின் முகத்தைப் பார்க்கும், நான் அவர் முதுகைப் பார்ப்பேன். அதனாலோ என்னவோ, எந்த ஊர்ப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் பின்வரிசைக்குத்தான் போகிறது.

குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஜமைக்காவின் பாப் மார்லி, அமெரிக்காவின் பாப் டிலன் பாட்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்கள்: "அண்ணே, மார்லி பாட்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?", "டிலன் குரல் சகிக்கலையே, இவரை ஏன் எல்லாரும் கொண்டாடுறாங்க?" எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். பாடகரைக் கொஞ்ச நேரம் விட்டுவிடு, பேண்டைக் கேள். சரி, அதை எப்படிக் கேட்பது என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் இது.

முதலில் போன் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினாலே வருவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தை நகம் அளவு ஸ்பீக்கரால் தர முடியாது. மேலே கிளம்பும் துணைச் சுரங்களை வைத்து மூளையே ஏதோ ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சாதாரண வயர் இயர்போன் போதும். விலை முக்கியமில்லை, அதன் ரப்பர் காதை இறுக்கமாக அடைக்கிறதா என்பதுதான் முக்கியம். காற்று புகுந்தால் பேஸ் காணாமல் போய்விடும். ஆப்பில் 'பேஸ் பூஸ்ட்' போட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காலால் மிதிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாகக் கலங்கி எது எதுவென்று தெரியாது.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி. பாடகர் என்ன செய்தாலும் அந்த முணுமுணுப்பை விடாதீர்கள். மூன்றாம் முறை டிரம்ஸ் மட்டும், தொடையில் தட்டிக்கொண்டே. பஸ்ஸில் செய்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஒன்றை விட்டுவிடும் பேண்ட், ஒன்றில் விழும் பேண்ட்

பாப் மார்லியில் தொடங்குவது சுலபம், ஏனென்றால் அங்கே பேஸ்தான் பாதிப் பாட்டு. அண்ணன் ஆஸ்டன் பாரெட் பேஸ், தம்பி கார்ல்டன் பாரெட் டிரம்ஸ். அண்ணனை எல்லோரும் 'ஃபேமிலி மேன்' என்றுதான் அழைப்பார்கள். இருவரும் ஜமைக்காவின் தயாரிப்பாளர் லீ பெர்ரியிடம் 'அப்செட்டர்ஸ்' என்ற பேண்டில் வாசித்தவர்கள், அங்கிருந்து மார்லியிடம் வந்தார்கள். வெய்லர்ஸ் என்பது முதலில் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் மூவரும் சேர்ந்து பாடிய குரல் குழு. மற்ற இருவரும் விலகிய பிறகு, 1974இல் வந்த 'நாட்டி டிரெட்' ஆல்பத்திலிருந்து 'பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸ்' ஆனது. அதன் பிறகு அந்தப் பெயரின் முதுகெலும்பு இந்த அண்ணன் தம்பிகள்தான்.

1979இல் வந்த 'சர்வைவல்' ஆல்பத்தில் 'ஒன் டிராப்' என்ற பாட்டைப் போடுங்கள். கிட்டார் 'சக்' என்று வெட்டுவது இரண்டிலும் நான்கிலும் விழும்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நம் ஊர்ப் பாட்டுக்குக் கை தானாக ஒன்றில் விழும். இங்கே ஒன்றில் டிரம்ஸ் சும்மா இருக்கும். மூன்றில் கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து இறங்கும். ஒன்றை நழுவ விடுவதால்தான் இந்த அடிக்கே ஒன் டிராப் என்று பெயர்.

கேட்கும்போது சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கும். எங்கள் டிரம்ஸ்காரத் தம்பியிடம் ஒத்திகையில் இதை வாசிக்கச் சொன்னேன். கை அழகாக வந்தது, கால் மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று வந்ததும் கால் தானாகக் கிக்கை மிதித்தது. கடைசியில் வலது காலை மடக்கி ஸ்டூல் அடியில் வைத்துக்கொண்டு, மூன்றுக்கு மட்டும் எடுத்து எடுத்து மிதித்தான். பல வருடப் பழக்கத்தை ஒரு காலில் இருந்து பிடுங்குவது அவ்வளவு கஷ்டம். கார்ல்டன் பாட்டு முழுக்க அதைச் செய்துகொண்டே ஹை-ஹாட் என்னும் ஜோடித் தட்டில் பூ வேலையும் காட்டுவார்.

அடுத்து 'நோ உமன், நோ க்ரை'. இதில் இரண்டு பதிவுகளை ஒட்டி ஒட்டிக் கேட்கவேண்டும். 'நாட்டி டிரெட்' ஆல்பத்தில் இருப்பது ரிதம் மெஷின் வைத்துப் பதிந்தது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் விறைப்பு. உலகம் அறிந்த பாட்டு அதுவல்ல, 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிந்ததுதான். ஆர்கன் மெதுவாகத் தொடங்கும், கூட்டம் மார்லிக்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும், ஃபேமிலி மேன் அவசரமே இல்லாமல் படி இறங்குவார். அதே பாடகர், அதே வரிகள். மெஷின் இருந்த இடத்தில் கார்ல்டன் உட்கார்ந்ததும் என்ன ஆகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு எனக்குத் தெரியாது.

காது இதற்குப் பழகியதும் உடனே அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்குத் தாவுங்கள். அங்கே எல்லாம் தலைகீழ். மார்லியின் பேண்ட் விட்டுவிடும் அந்த ஒன்றில்தான் பிரவுனின் பேண்ட் முழுசாக வந்து விழும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஊதுகருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில். மற்ற மூன்று அடிகளிலும் யார் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், ஒன்று வந்ததும் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அவரிடம் வேலை பார்ப்பது லேசுப்பட்டதில்லை. தப்பு சுரத்துக்கு அபராதம், தாமதத்துக்கு அபராதம், ஷூ பளபளக்கவில்லை என்றால் அதற்கும் அபராதம். மேடையில் ஆடிக்கொண்டே தப்பு செய்தவரைப் பார்த்து விரல்களை விரித்து மூடுவார். ஜனங்களுக்கு அது நடனம், அவருக்கு அது சம்பள வெட்டு.

1970 மார்ச்சில் சம்பளத் தகராறில் பேண்டின் பெரும்பகுதி வெளிநடப்பு செய்தது. பிரவுன் அசரவில்லை. சின்சினாட்டியில் 'பேஸ்மேக்கர்ஸ்' என்ற பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த பையன்களை விமானத்தில் வரவழைத்து மேடையேற்றிவிட்டார். அதில் பேஸ் வாசித்த பூட்சி காலின்ஸுக்கு அப்போது 18 வயது, அண்ணன் கேட்ஃபிஷ் காலின்ஸ் கிட்டார். இவர்களோடுதான் ஜே.பி.ஸ் என்ற பேண்ட் பிறந்தது. அதே வருடம் 'செக்ஸ் மெஷின்' வந்தது. தலைப்பைப் பார்த்துக் கூச்சப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள், பயிற்சிக்கு அதைவிட நல்ல பாட்டு கிடையாது.

அதில் கவனிக்கவேண்டியது இது. பாட்டின் பெரும்பகுதி ஒரே இடத்தில் சுற்றும். கேட்ஃபிஷ் ஒரு சின்னக் கீறலைத் திரும்பத் திரும்பக் கீறுவார், பூட்சி அதன் அடியில் ஓடிக்கொண்டே இருப்பார். அப்போது பிரவுன், "அடுத்த பகுதிக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று பேண்டிடம் கேட்பார், மறுபடியும் கேட்பார். பேண்ட் அசையாது, பதில் மட்டும் சொல்லும். எப்போது திரும்பச் சொல்வார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் சொன்ன நொடியில் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். எங்கள் மேடையிலும் இதன் ஏழைத் தம்பி ஒன்று உண்டு. பாடகர் உற்சாகத்தில் இரண்டாம் பிஜிஎம்மை மறந்து நேராகச் சரணத்துக்குள் நுழைந்துவிட்டால், நாங்கள் நான்கு பேரும் அரை நொடியில் அவர் பின்னால் ஓடவேண்டும். கூட்டத்துக்குத் தெரியக்கூடாது. தெரியாமல் செய்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குள் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பரிசு.

பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டையும் விட்டுவிடாதீர்கள். முழு நீளப் பதிவாகத் தேடி எடுங்கள். அஞ்சு நிமிடத்துக்குப் பிறகு டிரம்மர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டுக்குத் தனியாக இடம் விடப்போவதாகப் பிரவுன் அறிவிப்பார். கூடவே, தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டாம், வாசிப்பதையே வாசி என்று சொல்லிவிடுவார். மற்ற எல்லோரும் நிற்க, எட்டு பார் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்), சுமார் 20 வினாடி, வெறும் டிரம்ஸ். வித்தை ஏதும் காட்ட மாட்டார். ஸ்னேரில் பலமான அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காமலும் மெல்லிய தட்டல்கள் ஓடுகின்றன, அவற்றைக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அவை கிடைக்கவே கிடைக்காது. ராப் இசைக்காரர்கள் பின்னாளில் வெட்டி ஒட்டி எத்தனையோ பாட்டுகள் கட்டியது இந்த 20 வினாடியின் மேல்தான். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 'ஃபைட் தி பவர்' அதில் ஒன்று.

ஒரே பாட்டு, வேறு வேறு ஆட்கள்

டிலன் குரல் பிடிக்காதவர்களுக்கு இந்தப் பகுதி. ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களை மட்டும் மாற்றிப் பார்க்கப்போகிறோம். பாட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'.

முதலில் 1965 ஜூனில் நியூயார்க்கில் பதிந்த ஒரிஜினல். அதில் வாசித்தவர்கள் அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள், நிலையான பேண்ட் கிடையாது. ஆர்கன் வாசித்த அல் கூப்பர் கிட்டார்காரர், கூட்டத்தில் காலியாக இருந்த ஆர்கனில் போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சுரம் மாறியதைக் கேட்ட பிறகுதான் அவர் கை இறங்கும். அந்தச் சிறு தாமதத்தைக் காதில் பிடித்துவிட்டீர்கள் என்றால் பாட்டே வேறு மாதிரி தெரியும். டிலனுக்கு அது பிடித்துப்போய் ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

இரண்டாவது, 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். பல வருடங்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்று தப்பான பெயரில் திருட்டுத்தனமாகச் சுற்றி, 1998இல்தான் முறையாக வெளிவந்தது. பின்னால் இருப்பவர்கள் 'ஹாக்ஸ்'. அமெரிக்காவின் ஆர்க்கன்ஸாவிலிருந்து கனடா போன ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகர் சேர்த்த குழு இது. ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன் நால்வரும் கனடாக்காரர்கள். டிரம்மர் லெவன் ஹெல்ம் ஆர்க்கன்ஸாக்காரர். மின்சாரக் கிட்டாரோடு வந்த டிலனை நாட்டுப்பாடல் ரசிகர்கள் ஊர் ஊராகக் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். ஹெல்ம் அதைப் பொறுக்காமல் 1965 கடைசியிலேயே கிளம்பி எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டார், மான்செஸ்டரில் டிரம்ஸ் மிக்கி ஜோன்ஸ். கடைசிப் பாட்டான இதற்கு முன்னால் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" (துரோகி) என்று கத்துவது பதிவில் தெளிவாகக் கேட்கும். டிலன் பேண்டின் பக்கம் திரும்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வார், கெட்ட வார்த்தையோடு. அடுத்த நொடி ஸ்னேரில் ஓர் அடி விழும். நான் அந்த அடிக்காகவே அந்தப் பதிவைப் போடுவேன். கத்தினவருக்குப் பதில் சொன்னது டிலனின் வாய் என்று எழுதுவார்கள். என் காதுக்கு அது மிக்கி ஜோன்ஸின் கை.

மூன்றாவது, 1974 சுற்றுப்பயணப் பதிவான 'பிஃபோர் தி ஃப்ளட்'. ஹெல்ம் திரும்பிவிட்டார், அதற்குள் அவர்களே 'தி பேண்ட்' என்ற பெயரில் புகழ்பெற்றுவிட்டார்கள். இங்கே கூச்சலிடும் கூட்டம் இல்லை, பேண்டிடம் அந்தச் சண்டைக் குணமும் இல்லை. பெரிய அரங்குக்கான தைரியமான வாசிப்பு. எனக்கு மூன்றில் இது மூன்றாவதுதான். உங்களுக்கு முதலாவதாக இருந்தால் நாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

கார்த் ஹட்சன் பற்றி ஒரு வார்த்தை. சங்கீதம் முறையாகப் படித்தவர். ராக் அண்ட் ரோல் குழுவில் சேர்வதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று பார்த்தார். மற்றவர்களுக்கு இசை கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, ஆளுக்கு வாரம் பத்து டாலர் கட்டணமும் புதிதாக ஒரு லௌரி ஆர்கனும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் 1961இல் சேர்ந்தார். மான்செஸ்டர் பதிவில் டிலன் வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு வாங்கும் இடங்களைக் கவனியுங்கள். அந்தச் சந்துகளில்தான் ஹட்சன் ஓடி விளையாடுவார், குரல் வந்ததும் ஒதுங்கிவிடுவார். கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் ஒரு வாரம் கேட்கச் சொல்வேன். பாடகர் வாய் திறந்த பிறகும் விரல் ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் நம் மேடைகளின் பெரிய நோய்.

கொஞ்சம் முரட்டு பேண்ட்

கனடாப் பாடகர் நீல் யங்கின் பேண்டான 'கிரேஸி ஹார்ஸ்' தேர்ந்த காதுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். டிரம்மர் ரால்ஃப் மோலினா அலங்காரம் எதுவும் செய்ய மாட்டார். பில்லி டால்பட்டின் பேஸில் ஒரு கை விரலை விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் சுரங்கள். 1969இல் வந்த 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' ஆல்பத்தில் 'டவுன் பை தி ரிவர்' பாட்டை எடுங்கள், ஒன்பது நிமிடம். இரண்டு கிட்டாரும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். இயர்போனில் ஒன்றைக் கழற்றுங்கள், யங் இருப்பார். அதை மாட்டி மற்றதைக் கழற்றினால் டேனி விட்டன். யங் ஒரே சுரத்தைக் குத்திக் குத்தி அலையும்போது விட்டன் அவரோடு போட்டி போடவே மாட்டார். கூடவே நடப்பார், சில இடத்தில் சீண்டுவார். விட்டன் பக்கத்தை மட்டும் முழுசாக ஒரு முறை கேளுங்கள். அதுவே தனிப் பாட்டு மாதிரி இருக்கும். போதைப் பழக்கத்தால் 1972 நவம்பரில் விட்டன் இறந்தார். யங் அதன் பிறகும் எத்தனையோ நல்ல கிட்டார்காரர்களோடு வாசித்திருக்கிறார், இந்தப் பேச்சு திரும்பக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ஈ ஸ்ட்ரீட் பேண்ட்' எங்கே என்று கேட்பீர்கள். பெரிய பேண்ட், மறுக்கவில்லை. ஆனால் 'பார்ன் டு ரன்' காலத்துப் பதிவுகளில் வாத்தியத்தின் மேல் வாத்தியம் அடுக்கியிருப்பதால் காது பழகாதவர்களுக்குப் பிரித்துக் கேட்பது சிரமம். 'ஜங்கிள்லேண்ட்' பாட்டில் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோனை மட்டும் இப்போதைக்குக் கேட்டுவையுங்கள், மற்றது பிறகு.

அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் 'ஹார்ட்பிரேக்கர்ஸ்' பேண்டை வேறு வழியாகப் பிடிக்கலாம். பெட்டியை விட்டுவிட்டு, பாடகர் ஜானி கேஷின் 1996 ஆல்பம் 'அன்செய்ன்ட்' போடுங்கள். பின்னால் வாசிப்பது இவர்கள்தான். முதலாளி மாறியதும் மைக் கேம்பல் எவ்வளவு கிட்டாரைக் கீழே வைத்துவிடுகிறார், பென்மான்ட் டென்ச் கீபோர்டில் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார் என்று தெரியும். கேஷின் அந்தக் கனத்த குரலுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

பெயரைத் தேடுங்கள்

இனிமேல் பாட்டு பிடித்தால் பாடகர் பெயரோடு நிறுத்தாதீர்கள். ஆல்பம் அட்டையில் வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆப்பில் அது பல நேரம் அரைகுறையாக இருக்கும். பழைய இசைத்தட்டு, சிடி உறைகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கும், அதில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரைத் தேடுங்கள். ஃபேமிலி மேனைத் தேடினால் லீ பெர்ரி கிடைப்பார், பூட்சியைத் தேடினால் பார்லமென்ட், ஃபங்கடெலிக் என்ற பேண்டுகளோடு ஓர் உலகமே திறக்கும்.

அப்படித் தேடும்போது பணக் கதையும் கூடவே வரும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20 வினாடிக்காக ஸ்டபில்ஃபீல்டுக்குப் பாட்டு உரிமையில் பங்கு இல்லை. அன்றைய வாசிப்புக் கூலியோடு சரி, 2017இல் இறக்கும்வரை. ஃபேமிலி மேன் ராயல்டி கேட்டு லண்டனில் தொடுத்த வழக்கு 2006இல் தோற்றது. ஸ்பிரிங்ஸ்டீன் 1989இல் பேண்ட்காரர்களுக்குப் போன் போட்டு இனி வேறு ஆட்களோடு வாசிக்கப்போவதாகச் சொன்னார், பத்து வருடம் கழித்து மறுபடி சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் பாடகருக்குப் பொன்னாடை, எங்களுக்குக் கவர். அதிலும் யாரோ கமிஷன் எடுத்திருப்பார்கள். விஷயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பார்த்துக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படம். 1976 நவம்பர் 25, சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் அரங்கம், தி பேண்டின் விடைபெறும் கச்சேரி. மார்ட்டின் ஸ்கார்சேஸி எடுத்து 1978இல் வெளிவந்தது. மட்டி வாட்டர்ஸ், ஜோனி மிட்செல், வான் மாரிசன், நீல் யங், டிலன் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள், பின்னால் அதே ஆட்கள். ஒரே இரவில் ஒரு பேண்ட் எத்தனை விதமாக வளைகிறது என்று பார்க்க இதைவிட வசதி இல்லை. ஒரு எச்சரிக்கை: கேமராவுக்கு ராபர்ட்சனை ரொம்பப் பிடிக்கும். மேனுவலும் ஹட்சனும் சரியாகக் கண்ணில் படவே மாட்டார்கள் என்று ஹெல்மே பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். அதனால் திரையில் யார் இல்லையோ அவரைக் காதால் தேடுங்கள். மட்டி வாட்டர்ஸ் 'மேனிஷ் பாய்' பாடும்போது ஹெல்மின் டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சின்னச் சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு அது, ஏமாற்ற இடமே கிடையாது.

இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு நைஜீரியாவுக்குப் போங்கள். பாடகர் ஃபேலா குட்டியின் 'ஆஃப்ரிகா 70' பேண்ட், டிரம்ஸில் டோனி ஆலன், பாட்டு 'ஸோம்பி'. ஃபேலா வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கவே ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் பேஸை முணுமுணுத்து, டிரம்ஸைத் தொடையில் தட்டி, இரண்டு கிட்டாரையும் தனித்தனியாகப் பிரித்துவிடப் பாருங்கள். அவர் பாட வருவதற்கு முன்பே முடிந்துவிட்டால் உங்கள் காது தயார்.